நோன்பு டைரியில் ஆறு வட்டம்

நான் டைரி எழுத ஆரம்பித்ததே விட்ட நோன்புக் கணக்குக்காகத்தான். மாதவிலக்கு நாட்களில் விடுகிற நோன்பைப் பிறகு களாவாக வைத்தாக வேண்டுமே. உம்மா காலண்டரில் பென்சிலால் சின்ன வட்டம் போடுவா. தம்பி கேட்டால் "பால் கணக்குடா" என்று முடித்துவிடுவா.

2020இல் கொரோனாவுக்காகத் திருநெல்வேலி மேலப்பாளையத்தில் எங்கள் தெருவை அடைத்திருந்தார்கள். வாப்பாவுக்கு யாரோ கொடுத்த பழைய வருஷ டைரி ஒன்று கிடந்தது. கிழமையை அடித்துத் திருத்தி எழுத உட்கார்ந்தேன்.

முதல் பக்கம், ஏப்ரல் 25: "முதல் நோன்பு. பள்ளிவாசல் பூட்டு. கஞ்சி வாங்கப் போற தூக்குவாளி அடுப்படியிலேயே கெடக்கு."

எழுதப் போனால்தான் ஒரு சிக்கல் தெரிந்தது. டைரிக்கு நடுராத்திரியில் நாள் மாறும், நமக்குப் பொழுது சாயும் மக்ரிபில் மாறும். பிறை பார்த்து, நோன்பு மாதத்து ராத்திரித் தொழுகையான தராவீஹை முதலில் தொழுதது 24ஆம் தேதி ராத்திரி. அதை எந்தப் பக்கத்தில் எழுத? கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே எழுதி வைத்தேன்.

தராவீஹ் வீட்டு ஹாலில்தான். வாப்பா குர்ஆன் முழுதும் மனப்பாடமான ஹாஃபிழ் இல்லை. அலம்தரவிலிருந்து குல்அஊது பிறப்பின்னாஸ் வரை குர்ஆனின் கடைசிப் பத்து சூராவை, ரக்அத்துக்கு (தொழுகையின் ஒரு சுற்றுக்கு) ஒன்றாக, இரண்டு தடவை ஓதினால் இருபது ரக்அத் வந்துவிடும். பதினாலாவது ரக்அத்தில் மறந்துபோய் நின்றார். ஞாபகப்படுத்தப் பின்னாலிருந்து உம்மா கையைத் தட்டினா. அன்றைக்கு அந்தத் தட்டலைத் தவிர வேறெதுவும் எழுதவில்லை.

வட்டம் போட்ட பக்கங்களில் மட்டும் நேரமும் இருக்கும். நோன்பு திறந்த பிறகு மாதவிலக்கு ஆரம்பித்தால் அன்றைய நோன்பு சேரும். அஞ்சு நிமிஷம் முன்னால் என்றால் போச்சு. எனக்கு 6.20. பாங்குக்குப் பத்து நிமிஷம்கூட இல்லை. பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன் என்று எழுதியிருக்கிறேன். இப்போது வாசித்தால் சிரிப்பு வருகிறது.

மே 25, பெருநாள். ஒரே வரி: "புதுத்துணி இல்லை, வட்டிலப்பம் உண்டு."

போன வாரம் அலமாரியை ஒதுங்கவைக்கும்போது அந்த டைரி கையில் அகப்பட்டது. ஆறு வட்டம். ஐந்தில் டிக். ஆறாவதில் ஒன்றுமில்லை. வைத்துவிட்டு டிக் போட மறந்தேனா, வைக்கவே இல்லையா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. உம்மாவுக்குப் போன் போட்டேன்.

"சந்தேகம்னா வச்சிரு. இதுக்குப் போயி யோசிச்சிக்கிட்டு?"

வியாழக்கிழமை சஹருக்கு, விடியுமுன் எழுந்து சாப்பிட, அலாரம் வைத்திருக்கிறேன்.