மெனோபாஸ் வெக்கைக்குச் சீன மருந்து: புதுப்பிப்பு

மாதவிடாய் நிற்கும் சமயத்தில் வரும் வெக்கைக்கும் இரவு வியர்வைக்கும் சீன மருத்துவம் உதவுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

இங்கே சிங்கப்பூரில் சீன மருத்துவர்கள் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அப்படி ஒருவரிடமே போனேன். நாடி, நாக்கு பார்த்துவிட்டு, சிறுநீரகத்தின் ‘யின்’ குறைந்திருக்கிறது என்றார். உடலைக் குளிர்விக்கும் சத்து குறைந்தால் சூடு மேலேறும் என்பது அவர்கள் கணக்கு.

பலர் சொன்ன டாங் குய் என்ற சீன மூலிகை வேர் பற்றி: 1997இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 71 பெண்களிடம் 24 வாரம் சோதித்தார்கள். வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. ஆனால் சீன மருத்துவர்கள் அதைத் தனியாகக் கொடுப்பது அரிது. 1950களில் ஷாங்காயில் உருவான ஏர் சியென் தாங் கஷாயத்தில் ஆறு மூலிகைகள். டாங் குய் அதில் ஒன்று, நம்ம நிலப்பனைக் கிழங்கும் ஒன்று! சரி, கலவையாகக் கொடுத்தால்? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2016 மதிப்பாய்வு 22 ஆய்வுகளை அலசியும் போதிய சான்று இல்லை என்றே சொன்னது.

அந்தச் சீன மருத்துவரின் மருந்தில் எனக்குத் தூக்கம் கொஞ்சம் தேவலை, வெக்கை அப்படியே. ஹார்மோன் சிகிச்சை பற்றி மகளிர் மருத்துவரிடம் பேசப்போகிறேன்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாங் குய்யைத் தொடாதீர்கள், ரத்தக்கசிவு கூடும். அப்புறம், மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி ரத்தம் பட்டால் கஷாயம் தேடாமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.