லெகசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் காலேஜ்?

போன மாதம் டெக்ஸாஸில் வந்திறங்கிய தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, பொண்ணு பத்தாவது. ஆபீஸ்ல லெகசி லெகசின்னு பேசிக்கிறாங்க. நமக்கு அது இல்லேன்னா ஹார்வர்டெல்லாம் மறந்துட வேண்டியதுதானா?"

அப்பாவோ அம்மாவோ அதே கல்லூரியில் படித்திருந்தால் பிள்ளையின் விண்ணப்பத்துக்குக் கிடைக்கும் சலுகைதான் லெகசி. ஊரில் மேனேஜ்மென்ட் கோட்டா என்றால் காசு கொடுத்து வாங்கிய சீட்டு என்று ஊருக்கே தெரியும். இங்கே அதற்குப் பாரம்பரியம் என்று பெயர். ஹார்வர்டு இனம் பார்த்துச் சேர்க்கிறது என்று போட்ட வழக்கில் வெளிவந்த கணக்குப்படி, லெகசி பிள்ளைகளில் சுமார் 33 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது. மற்றவர்களில் 6 சதவீதம்கூட இல்லை. லெகசி பிள்ளைகள் நல்ல பள்ளியில் படித்தவர்கள், மார்க்கும் வைத்திருப்பார்கள், அதனால் வித்தியாசம் முழுக்கச் சலுகையால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2023-ல் பொருளாதார நிபுணர் ராஜ் செட்டி குழுவினர், எஸ்ஏடி என்ற நுழைவுத் தேர்வில் ஒரே மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் உச்சியில் இருக்கும் 1 சதவீதப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள், நடுத்தர வீட்டுப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஹார்வர்டு போன்ற உச்சக் கல்லூரிகளில் சேர்கிறார்கள். அதற்கான காரணங்களில் பெரியது லெகசிதான்.

என் சித்தப்பா மகன் ஊரில் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் போனபோது தாசில்தார் ஆபீசில் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கினான். வீட்டில் யாருமே டிகிரி படிக்கவில்லை என்பதற்காக அரசாங்கம் கல்விக் கட்டணத்தைக் குறைத்தது. இங்கே நேர்மாறாக, அப்பா படித்த இடத்திலேயே மகனும் படிக்கக் கதவைத் திறந்து வைக்கிறார்கள். 1920-களில் யூதப் பிள்ளைகள் அதிகம் வருகிறார்கள் என்று, அவர்களைக் குறைக்கக் கொண்டுவந்த வழிகளில் இதுவும் ஒன்று. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனத்தைப் பார்த்துச் சேர்க்கக் கூடாது என்றது. லெகசி மட்டும் தப்பித்துக்கொண்டது.

இது இல்லாவிட்டால் நன்கொடை வராது என்பார்கள். எம்ஐடியும் கால்டெக்கும் லெகசி பார்ப்பதில்லை, இழுத்து மூடிவிடவில்லையே. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் இதைக் கைவிட்டதில், 2009-ல் 12.5 சதவீதமாக இருந்த லெகசி மாணவர்கள் 2019-ல் 3.5 ஆனார்கள்.

சரி, தம்பி செய்ய வேண்டியது என்ன? பெரும்பாலான கல்லூரிகள் வருஷா வருஷம் காமன் டேட்டா செட் என்று ஒன்றை வெளியிடும். கல்லூரிப் பெயரோடு சேர்த்துத் தேடினால் பிடிஎஃப் கிடைக்கும். அதில் சி7 என்ற அட்டவணையில் 'அலும்னி ரிலேஷன்' என்ற வரியைப் பாருங்கள். 'நாட் கன்சிடர்டு' என்று இருந்தால் அந்தக் கல்லூரியில் நீங்களும் அவர்களும் ஒரே வரிசை. நாங்கள் நியூ ஜெர்சியில் இப்படித்தான் லிஸ்ட் போட்டோம். கலிபோர்னியாவில் யூசி என்ற அரசுப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் லெகசியை எப்போதோ விட்டுவிட்டன. தனியாருக்கும் 2024-ல் தடைச்சட்டம் போட்டார்கள். மீறினால் அபராதம் கிடையாது, பெயரை வெளியிடுவார்கள், அவ்வளவுதான். அதை நம்பி உட்கார வேண்டாம். லெகசி பார்க்கும் இடத்துக்கும் ஒன்றிரண்டு போடுங்கள், தப்பில்லை. லிஸ்ட் முழுக்க அதுவாகவே இருந்தால் ரிசல்ட் வரும் மார்ச் கடைசியில் வீட்டில் யாரும் யாருடனும் பேச மாட்டீர்கள்.

விண்ணப்பத்தில் அப்பா படித்த கல்லூரி என்று ஒரு இடம் வரும். என் மகள் அதை நிரப்பும்போது 'அழகப்பச் செட்டியார்' என்பதை நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது. "போதும்பா, புரிஞ்சுது" என்றாள், பாதியிலேயே.

கீழே கமெண்டில் ஒரு அக்கா கேட்டதற்கு: உங்கள் கணவர் இங்கே எம்எஸ் படித்தது லெகசியாகுமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பல இடங்களில் இளங்கலை மட்டும்தான் கணக்கு, சில இடங்களில் எம்எஸ்ஸும் சேரும். அட்மிஷன் ஆபீசுக்கு ஒரு மெயில் போடுங்கள். பத்து வருஷம் முன்பு கோயில் பாட்லக் விருந்தில் இந்த அநியாயத்தை என்னோடு சேர்ந்து திட்டிய நண்பர் ஒருவர், மகன் பன்னிரண்டாவது வந்ததும் அந்தப் பேச்சையே நிறுத்திவிட்டார். நான் இன்னும் இதை அநியாயம் என்றுதான் சொல்வேன். ஆனால் படிவத்தில் கேட்டால் உண்மையை எழுதத்தானே வேண்டும், எழுதுங்கள் அக்கா.