போடி சொந்தங்கள்: ராஜமலை பிளான்

*வியாழன்*

முருகேசன் மாமா: சனிக்கிழமை மூணாறு பக்கம் ராஜமலை பார்க்குக்கு வரையாடு பாக்கப் போறோம். காலைல 5 மணிக்கு வண்டிய எடுத்துருவேன். வர்றவங்க இப்பவே சொல்லிருங்க

கவிதா அக்கா: பிள்ளைகளுக்கு டெஸ்ட் நடக்குது மாமா. பிப்ரவரில வச்சுக்கலாமா?

கார்த்தி: பிப்ரவரி, மார்ச் பார்க்கையே மூடிருவாங்க அக்கா. வரையாடு குட்டி போடுற சமயம்

கவிதா அக்கா: அப்ப மே?

முருகேசன் மாமா: மே மாசம் மூணாறுக்குள்ள வண்டி நகராது தாயி

கவிதா அக்கா: சரி, பிள்ளைகள மட்டும் அனுப்புறேன். எனக்கு அன்னைக்கு டூட்டி

செல்வி அத்தை: 5ன்னுதான் சொல்லுவாரு. கிளம்ப 6 ஆகும் 😂

முருகேசன் மாமா: 6 ஆச்சுன்னா போச்சு. அங்க நம்ம காரை கீழயே நிறுத்திரணும், மேல வனத்துறை பஸ்தான். லேட்டா போனா அந்த பஸ்ஸுக்கே க்யூவுல நின்னு கால் கடுத்துரும்

கார்த்தி: டிக்கெட் ஆன்லைன்ல போட்டுர்றேன். எத்தன பேரு?

தாத்தா: நானும் வரேன்

செல்வி அத்தை: பஸ் எறக்கிவிட்ட பெறகு ஏத்தத்துல நடக்கணும் மாமா. முட்டு வலி வந்துரும்

தாத்தா: முடிஞ்ச மட்டும் நடப்பேன். அது தொரைமாரு வேட்டையாடுன காடு. 1975ல சரணாலயம் ஆச்சு 78ல தேசியப் பூங்கா. ஏலத்தோட்டத்துல இருந்த காலத்துலயே பாக்கணும்னு நெனச்சது

முருகேசன் மாமா: அப்பா வர்றாரு. முன் சீட்டு அவருக்கு

செல்வி அத்தை: புளிச்சோறு நான் கட்டுறேன். பிளாஸ்டிக் பாட்டில், கவர் எதுவும் வேணாம், செக்கிங் இருக்கு. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு, கவிதா, பிள்ளைகளுக்குக் காலைல பால் குடுத்துறாத. சுவெட்டர், குல்லா குடுத்துவிடு

*சனி*

கார்த்தி: போடிமெட்டுல டீ. ஒரே மூடுபனி. எலுமிச்சம்பழம் எல்லாம் 11வது வளைவுலயே காலி

கவிதா அக்கா: யாரு, சின்னவனா?

கார்த்தி: அத்தை 🤭

செல்வி அத்தை: இத குரூப்புல போடணுமாடா

கார்த்தி: 📷 இந்தா பாருங்க. பைனாகுலர் தூக்கிட்டு வந்தது வேஸ்ட். ரோட்டோரச் சுவர்மேலயே வரையாட்டுக் கெடா நிக்குது. உடம்பு கருப்பு, முதுகுல மட்டும் சேணம் போட்டாப்ல வெளுப்பு. கொம்பு பின்பக்கம் வளைஞ்சு கிடக்கு. அசை போட்டுக்கிட்டே நிக்குது, நம்மள ஒரு ஆளாவே மதிக்கல

கவிதா அக்கா: பிள்ளைகள கிட்ட விடாதீங்க!

முருகேசன் மாமா: தொடக்கூடாது, தீனி போடக்கூடாதுன்னு வாட்சர் விசில் அடிச்சுக்கிட்டே இருக்காரு. ஆனைமுடி சிகரம் மேகத்துக்குள்ள போயிருச்சு. 2,695 மீட்டர்னு பெரியவ போர்டு பாத்துச் சொல்றா

கவிதா அக்கா: குறிஞ்சிப் பூ இருக்கா?

கார்த்தி: 2018ல பூத்தது. இனி 2030தான்

கவிதா அக்கா: தாத்தா எங்க?

செல்வி அத்தை: பாதி வழி நடந்தாக. இப்ப ஒரு வாட்சரோட உக்காந்து ஏலக்காய் வெலை பேசிக்கிட்டு இருக்காக. அவரு முதுவர், இந்த மலையில இருக்குற பழங்குடி ஆளு, நம்மளாட்டம் தமிழ் பேசுறாரு. எழுப்பிக் கூட்டிட்டு வர்றதுதான் பாடு

தாத்தா: 🎤 2:14

கவிதா அக்கா: தாத்தா, காத்து சத்தம் மட்டுந்தான் கேக்குது 😄 மாமா, மறையூர் வெல்லம் ரெண்டு கிலோ வாங்கிருங்க

முருகேசன் மாமா: மறையூர் போனா இருட்டிரும். மெட்டு ரோட்ட வெளிச்சத்துல எறங்கணும். மூணாறு கடையிலயே வாங்கியாச்சு

செல்வி அத்தை: பூப்பாறை தாண்டிட்டோம் கவிதா. வீட்ல தோசை மாவு இருக்கா?

கவிதா அக்கா: இருக்கு அத்தை. சட்னி மட்டும் நீங்க வந்து அரைச்சுக்கோங்க