பழைய கவுன்சிலரைச் சந்தித்தவர்களின் அனுபவங்கள்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து:

திருமணிமுத்தாற்றங்கரையில் இருந்த எங்கள் வீட்டுக்குக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு வந்தபோது, மஞ்சள் பை நிறைய வீட்டு வரி ரசீதுகளையும் மின் கட்டண ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு அம்மாவும் நானும் பழைய கவுன்சிலரிடம் போனோம். அவர் பையைப் பிரிக்கவே இல்லை. புல எண்ணை மட்டும் கேட்டார். இரண்டு நாள் கழித்து, நிலங்களின் வகையைக் குறித்து வைக்கும் அ-பதிவேட்டின் நகலுடன் வந்து, "ஓடை" என்று எழுதியிருந்த கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "வரி கட்டினால் மனை நம்முடையதாகிவிடாது, அக்கா. நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் ஓட்டுக்காகச் சொல்கிறார். பதவியில் இருந்தபோது நானும் சொன்னவன்தான்" என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்தது. எனக்கு அப்போதுதான் அவர்மீது நம்பிக்கை வந்தது.

பட்டாவை விட்டுவிட்டு மாற்று வீடு கேட்கச் சொன்னார். 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பின் குடியிருப்புகளைப் பற்றி அவர் மணிக்கணக்கில் பேசுவார். தெரு முழுவதும் சேர்ந்து ஒரே மனு கொடுத்தால் ஒரே பதில்தான் வரும் என்பதால், குடும்பத்துக்கு ஒரு மனு என்பது அவருடைய கணக்கு. நாங்கள் நெசவாளர்கள், குழித்தறிக்குத் தரையில் பள்ளம் வேண்டும், மாடி வீட்டில் அதற்கு வழியில்லை. அதை மனுவின் முதல் வரியிலேயே எழுத வைத்தார். எங்களுக்குத் தரைத்தளம் கிடைத்தது. எதிர்வீட்டாருக்கு வாய்க்கவில்லை, தறியை விற்றுவிட்டார்கள்.

ஏற்காட்டிலிருந்து:

அப்பா காபித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தோட்டத் தொழிலாளருக்கு வீடு தரவேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஆனால் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய அந்த லைன் வீடு வேலையோடு ஒட்டியது, ஓய்வு பெற்றால் நமக்கில்லை. 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீடு கட்டிக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்டு அவரிடம் கேட்டபோது, சொந்த மனை இல்லாமல் அந்த விண்ணப்பம் நகராது, முதலில் வீட்டுமனைப் பட்டா கேளுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மலைக்கு வந்தவர் ஒரு டீ கூடக் குடிக்காமல் கடைசிப் பேருந்தைப் பிடித்தார். இனிமையாகப் பேசத் தெரியாத மனிதர்.

சூரமங்கலத்திலிருந்து:

அவர் தோற்ற தேர்தலில் நான் எதிரணிக்கு வாக்களித்தவன். அது தெரிந்தும், திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஆட்சியர் அலுவலகம் வரை உடன் வந்து, வரிசையில் எனக்குப் பின்னால் நின்றார். மனுவைப் பதிந்து எண் வாங்கும் வரை என்னை நகர விடவில்லை. துணைக்கு அவர் பெயரையும் எழுதட்டுமா என்று கேட்டேன். "என் பெயர் இருந்தால் அது கட்சி மனுவாகிவிடும், தம்பி" என்று சொல்லிப் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.