பகல் உறக்கத்துக்கு எந்தக் கண்மறைப்பு?

கேள்வி:
இரவுப் பணி முடிந்து 8 மணிக்கு வீட்டுக்கு வந்து படுத்தால், கிழக்குப் பார்த்த யன்னலால் வெயில் நேரே முகத்தில் விழுகிறது. யாழ்ப்பாண நகரத்துக் கடையொன்றில் வாங்கிய கறுப்புக் கண்மறைப்பு, மூக்கின் இரு பக்கமும் வெளிச்சத்தை விடுவதோடு, காதுக்கு மேலே தழும்பு விழுமளவுக்கு இறுக்குகிறது. வேறு எப்படிப்பட்டதை வாங்கலாம்?

பதில் 1:
தங்கச்சி, தட்டையான கண்மறைப்புகளின் பொதுக் குறை அதுதான். வெளிச்சம் உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பை அடக்கும், மூடிய இமையும் ஒளியை முழுதாகத் தடுக்காது என்பதால், அந்தச் சிறு இடைவெளியையும் அடைப்பது நல்லது. கண்ணுக்கு நேரே கிண்ணம்போல் குழிந்ததைத் தேடுங்கள். இமை அதில் முட்டாது. கடையிலேயே அணிந்து, மின்விளக்கின் கீழ் நின்று தலையை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

பதில் 2:
அக்கா சொன்ன வகை நல்லதுதான். ஆனால் ஒருக்களித்துப் படுப்பவருக்கு அதன் விளிம்பு கன்னத்தில் அழுந்தும். சித்திரை, வைகாசி வெக்கையில் உள்ளே ஸ்பொஞ் வைத்தது வியர்வையில் ஊறி நாறியும் விடும். நான் தையற்காரரிடம் கறுப்புப் பருத்தித் துணியை மூன்று மடிப்பாக வைத்து, மூக்கோரம் ஒரு சிறு மடல் விட்டு, வெல்குரோ பட்டியுடன் இரண்டு தைப்பித்தேன். ஒன்றைத் தோய்த்துக் காயவிட்டால் மற்றது கைக்கு இருக்கும். குளுக்கோமா என்ற கண் நரம்பைப் பாதிக்கும் நோய் உள்ளவர்கள் மட்டும் கண்ணை அழுத்தும் எதையும் மருத்துவரைக் கேட்காமல் கட்டக் கூடாது.

கேட்டவர்:
நானும் ஒருக்களித்தே படுப்பேன், ஆகவே தைப்பிக்கிறேன். மடல் எத்தனை அங்குலம்?

பதில் 2:
1 அங்குலம் போதும். நீளம் கூடினால் மூச்சுக்காற்றில் படபடக்கும்.