புதுப்பிப்பு: பாம்பன் பக்கத்து மாலை வகுப்பு

பாம்பன் அருகே மீனவர் குடியிருப்பில் தன்னார்வலராகப் பாடம் எடுக்கிறேன், பெரிய பெண் பிள்ளைகள் மட்டும் அடிக்கடி நின்றுவிடுகிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வற்றும் நாட்களில் அம்மாக்கள் கடல்பாசி எடுக்கப் போகிறார்கள். வீட்டில் தம்பி தங்கையைப் பார்ப்பது அக்காதான். சரி, குட்டிகளையும் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். இடுப்பில் தம்பியோடு ஒருத்தி வகுத்தல் போடுகிறாள். அவன் சாக்பீஸைப் பிடுங்குகிறான். கணக்கையும் மாற்றினேன்: கஞ்சிப்பாசி (அவர்கள் எடுக்கும் ஒரு வகைக் கடல்பாசி) ஈரத்தில் எத்தனை கிலோ, காய்ந்தபின் எத்தனை? யாரும் திணறுவதில்லை. அன்றைக்கு ஒரு பாட்டி எடைச் சீட்டை நீட்டி, "இதை வாசிச்சுச் சொல்லு தாயி" என்றார். பேத்தி தடங்கலில்லாமல் வாசித்தாள். அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகில் போகும் அப்பாக்கள் கரையில் இருப்பார்கள். அவர்களையும் வகுப்புக்கு அழைக்கப் போகிறேன்.