ஆங்கில 'ரன்' (run) என்ற வார்த்தைக்கு, கம்போடியாவின் கெமர் மொழியில் என்ன போடுவது?

புனோம்பென்னில் கார்மெண்ட்ஸ் வேலை. ஆங்கிலத்தில் 'ரன்' வரும் 4 அறிவிப்புப் பலகைக்கும் மொழிபெயர்ப்பு ஆப் ஒரே வார்த்தையைத்தான் தந்தது: 'ருவத்'. அது காலால் ஓடுவதாம். "மெஷின் எங்கே ஓடிப்போச்சு?" என்று தையல் அக்கா சிரிக்கிறார்.

அகராதி பார்த்தேன், அவரையும் கேட்டேன். நம் ஊரில் மெஷின் ஓடும்; இங்கே நடக்குமாம், 'டார்'. கடிகாரமும் அப்படியே. தண்ணீருக்கு 'ஹோர்'. (எழுத்தில் உள்ள கடைசி 'ர்' காதில் விழாது, அதில் 2 நாள் போனது.) மூன்று பலகை முடிந்தது.

நாலாவதுதான் சிக்கல்: சிவப்புத் துணி, அலசினால் சாயம் போகும், தனியாக நனைக்கவும். 'நிறம் ஓடுகிறது' என்றால் யாருக்கும் புரியவில்லை. வெள்ளிக்கிழமை பிரிண்ட்.

சாயம் போவதற்கு இங்கே தொழிலாளிகள் பேச்சில் புழங்கும் கெமர் சொல் எது?